பெட்டிக்கு ஏது முன்பக்கம்

வாருங்கள் தம்பி. அந்த கேட்டைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும், அது அப்படித்தான். சாக்குப்பையை இந்தச் சாப்பாட்டு மேஜைமேல் வையுங்கள், பழைய பேப்பர் விரித்துத்தான் இருக்கிறது. மெதுவாக. கார் எஞ்சின் மூடிதானே, சிலிண்டர் ஹெட்? பையைத் தூக்கி வருகிறவரின் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எங்கிருந்து, பொள்ளாச்சியா? பஸ்ஸிலா? இந்தக் கனத்தைக் காலடியில் வைத்துக்கொண்டா வந்தீர்கள்? அப்படியென்றால் நீங்களும் நம் கூட்டம்தான்.

சாந்தாமணியா? அவள் இல்லை. லைனிங் துணி வாங்க ஒப்பணக்கார வீதிக்குப் போயிருக்கிறாள். ஸ்கூட்டரில்தான் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். வாசல் போர்டில் அவள் பெயர் இருப்பதால் வருகிறவர்கள் எல்லாம் அவளைத்தான் கேட்கிறார்கள். அந்த போர்டு தையலுக்காகப் போட்டது தம்பி. 'சாந்தாமணி தையலகம், பிளவுஸ், சுடிதார் தைத்துத் தரப்படும்.' அதற்குக் கீழே சிவப்பு பெயிண்ட்டில் 'பழைய கார் ஹெட், வால்வு வேலை' என்று எழுதியது மெக்கானிக் ரவூப் பாய். என்னைக் கேட்டு எழுதவில்லை. என்னைக் கேட்டிருந்தால் எழுத்தாவது நேராக இருந்திருக்கும்.

நான் அவள் கணவன். சென்னியப்பன். ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருபத்தெட்டு வருஷம். கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள். நான் சரி என்று முத்திரை குத்தாமல் ஒரு பம்ப் வாசலைத் தாண்டியதில்லை. ஐம்பத்து மூன்றாவது வயதில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது.

உட்காருங்கள். கையில் என்ன, மைசூர்பாகா? அக்காவுக்கா? கொடுங்கள், தட்டில் கொட்டி வைத்துவிடுகிறேன். பெட்டி நல்ல கெட்டி அட்டை. இந்தப் பெட்டிதான் வேண்டும். பாருங்கள், மூடியைக் கவிழ்த்து இப்படி எட்டு ஓட்டை போட்டு, ஒன்றிலிருந்து எட்டுவரை எண் எழுதிவிட்டால் வால்வுகளைச் செருகி வைக்க இதைவிட நல்ல சாதனம் கிடையாது.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? நான் கழற்றி வைக்கிறேன். அவள் வருவதற்குள் எட்டு வால்வும் வெளியே இருந்தால் உங்களுக்குத்தான் நேரம் மிச்சம். அவள் வந்த பிறகுதான் கழற்ற வேண்டும் என்று ஒரு சட்டம் இந்த வீட்டில் இருக்கிறது, மறைக்கவில்லை. நான் மண்ணெண்ணெயில் கழுவலாம். துடைக்கலாம். கார்பனைச் சுரண்டலாம், அதுவும் அவள் பார்க்கும்போது. வால்வைத் தொடக் கூடாது. இருபத்தெட்டு வருஷம் அடுத்தவன் வேலையைச் சரி, தப்பு என்று பிரித்தவனுக்கு இந்தச் சட்டம். ஏன் என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், தப்பு யார் பக்கம் என்று. நான் மறுப்பு சொல்லமாட்டேன். என்னையே நான் தினமும் கேட்டுக்கொள்கிறவன். காலையில் நடக்கப் போகும்போது ஒவ்வொரு நாளும், 'சென்னியப்பா, தப்பு உன்னிடம் இருக்கிறதா?' என்று உண்மையாகக் கேட்பேன். உண்மையாக யோசிப்பேன். வீடு திரும்புவதற்குள் இல்லை என்று தெரிந்துவிடும்.

அந்த கிளாம்ப்பை எடுங்கள். நன்றி. இது ஸ்பிரிங்கை அழுத்தும். அழுத்தியதும் இந்தச் சின்னப் பூட்டுகள் இரண்டும் விழும், பார்த்தீர்களா. வால்வு கையோடு வந்துவிட்டது. ஒன்றாம் எண் ஓட்டையில் செருகியாயிற்று. உங்களுடையது பழைய அம்பாசிடர்தானே? என்னுடையது மாரிஸ் மைனர். அப்பா வாங்கியது. அப்பா போன பிறகு பதினாறு வருஷம் ஷெட்டில் தூங்கியது. ஓய்வு பெற்ற மறுவாரம் துணியை விலக்கிப் பார்த்தேன். ஹெட் மட்டும் சரியில்லை என்றார் ரவூப் பாய். அவர் உக்கடத்தில் பழைய கார்களுக்கென்றே மெக்கானிக்காக இருக்கிறவர். "சார், ஹெட்டை எங்கிட்ட விட்டுடுங்க, ஒரு வாரத்துல தர்றேன்"ன்னார். நான் கொடுக்கவில்லை. அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடித்தே வாழ்ந்தவன், ஒரு வேலையாவது குறையில்லாமல் செய்து காட்ட வேண்டாமா? வீட்டிலேயே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பாயிடம் மட்டுமில்லை, பழைய ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். ஜனவரியில் ரேஸ்கோர்ஸில் பழைய கார்கள் அணிவகுப்பு நடக்கும், அதில் நானே சரிசெய்த ஹெட்டோடு அப்பாவின் காரை ஓட்டிக்கொண்டு வருவேன், எல்லாரும் வந்து பாருங்கள் என்று சொன்னேன். முப்பது பேருக்கு மேல் இருக்கும். நேரில் சொன்னது போதாதென்று போனிலும் சொன்னேன்.

இரண்டாவது வால்வும் வந்துவிட்டது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். வால்வு ஒவ்வொன்றும் குடைக்காளான் மாதிரி இருக்கிறது, அது போய் உட்காருகிற வட்டம்தான் சீட். இரண்டுக்கும் நடுவே அரைக்கும் பசையைத் தடவி, ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியால் வால்வைப் பிடித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வால்வும் சீட்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து ஒரு பொருத்தத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு அந்த வால்வு அந்த சீட்டுக்கு மட்டும்தான். பக்கத்து சீட்டில் போட்டால் காற்று கசியும், எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அதற்காகத்தான் எண் போட்ட பெட்டி.

ஆறு வாரம் தம்பி. இந்த மேஜையில்தான். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தப் பக்கத்தில், சமையலறையைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்து எட்டு வால்வையும் தேய்த்தேன். ஒன்றாம் எண் என் இடதுகைப் பக்கம், எட்டு வலதுகைப் பக்கம். சாப்பாடெல்லாம் தரையில்தான். அவள் தையல் மிஷின் அந்த ஜன்னலோரம். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பாள். நடுவில் நடுவில் தலையைத் தூக்கி, "ஏனுங்க, அது இன்னும் ஆகலீங்க"ன்னு சொல்லுவாள்.

"என்ன ஆகலை?"

"சத்தம் மாறலீங்களே. அரிசி ஒடையற சத்தமாவே இருக்குது. மாவாகற சத்தம் வரோணுமில்லீங்களா?"

பாருங்கள். பிளவுஸ் தைக்கிறவள். எனக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். பம்ப் சோதனை மேடைக்குப் பக்கத்திலேயே இருபத்தெட்டு வருஷம், காதில் பாதி அங்கேயே போய்விட்டது. ஆனால் அவளுக்குக் கேட்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? அவள் ஆகவில்லை என்றதால் நான் இன்னும் நாலு நாள் கூடத் தேய்த்தேன், உண்மைதான். அது நானாகத் தேய்த்தது.

மூன்று. கொஞ்சம் இறுக்கம். வந்துவிட்டது.

தையல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? வெட்டிய துணி ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு குறி போடுவார்கள். பிளவுஸ் கைத்துணி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருக்கும், எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. இவள் இருபத்தைந்து வருஷமாகத் தைக்கிறாள், இன்னும் ஒவ்வொரு துண்டுக்கும் குறி. நான் கேட்பதுண்டு, "இன்னுமா மனப்பாடம் ஆகலை?" என்று. அடுத்த துண்டிலும் குறி போடுவாள். சிரிப்பாள்.

எட்டு வால்வும் முடிந்த அன்றைக்கு நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஹெட்டின் ஒரு முனையில் குங்குமப் பொட்டு. வால்வுப் பெட்டியின் ஒரு ஓரத்திலும் குங்குமப் பொட்டு. எண்ணெயில் குழைத்து, பெரிய பொட்டாக.

எனக்கு வந்ததே கோபம். "சாந்தாமணி, இதென்ன ஆயுத பூஜையா? இது இஞ்சினியரிங். இதுல சாமிக்கு என்ன வேலை?"

"சாமிக்கில்லீங்க. அந்தப் பெட்டிக்கு..."

"பெட்டிக்கு எலுமிச்சம்பழம் வேற கட்டித் தொங்க விடு."

"சொல்ல வர்றதைக் கேளுங்களேன்."

"கேட்டதெல்லாம் போதும். இதெல்லாம் இருபத்தெட்டு வருஷம் பார்த்தவன்கிட்ட வேண்டாம்."

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் இரண்டு பொட்டையும் சுத்தமாகத் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நுட்பமான வேலை செய்ய முடியுமா? நாற்காலியைத் தூக்கி மேஜைக்கு அந்தப் பக்கம் போட்டேன். சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஹெட் கனம், அது இருந்த இடத்திலேயே இருந்தது. பெட்டியில் எண்கள் தலைகீழாகத் தெரிந்தன, அதனால் பெட்டியை மட்டும் என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். ஒன்றாம் எண் மறுபடியும் என் இடதுகைப் பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தப்பாமல் இடதிலிருந்து எட்டையும் மாட்டினேன். ஒரு அசைவு தப்பு கிடையாது. அவ்வளவு கோபத்திலும் வரிசை தப்பவில்லை பாருங்கள், அதுதான் பயிற்சி.

அது நாலாவது. பாதி முடிந்தது. ஒரு துண்டு மைசூர்பாகு எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கி வந்ததுதான்.

அணிவகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்சீட்டில். முன்சீட்டில் அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. இந்தக் காருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எப்படியோ ரேஸ்கோர்ஸ்வரை கொண்டுபோய்விட்டேன். வழியில் இரண்டு இடத்தில் பின்னால் வந்த பஸ்காரன் இறங்கி வந்து, வண்டி நகருமா நகராதா என்று கேட்டான், அதைச் சொல்லவில்லை. அங்கே போனால் பழைய ஆபீஸ்காரர்கள் பாதிப் பேர் நிற்கிறார்கள். நான் நிராகரித்த வேலைகளைச் செய்தவர்கள். என் ஓய்வு விழாவுக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்திருந்தார்கள். எனக்கு நெகிழ்ந்துவிட்டது.

கொடி அசைத்தார்கள். கிளட்ச்சை விட்டேன். கார்புரேட்டரிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம். கூட்டம் கைதட்டியது, பட்டாசு என்று நினைத்துக்கொண்டு. இன்னொரு 'பட்'. நாற்பது அடி போயிருக்கும். ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. செல்ஃப் போட்டால் தம் பிடிக்கவே இல்லை, காற்றில் சுற்றுகிற மாதிரி சுற்றுகிறது.

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார், "ஏனுங்க மாப்ள, எறங்கித் தள்ளறதுங்களா, இல்ல இங்கயே எளநி குடிச்சுட்டு ஆட்டோ சொல்றதுங்களா?"

ஃபவுண்டரியில் இருந்த பத்ரசாமி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். அவன் வார்த்த பம்ப் சக்கரங்களை, இம்பெல்லர்களை, ஒரே நாளில் நாற்பது திருப்பி அனுப்பியிருக்கிறேன். குனிந்து பானெட்டைத் தடவிப் பார்த்தான். "சென்னியப்பன் சார், ரிஜெக்ட் முத்திரைய எங்க குத்தட்டுங்க? கண்ணாடிலயா, கதவுலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வண்டிக்குள்ளேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ தள்ளுகிறார்கள், வண்டி நகர்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சாந்தாமணி. பக்கத்தில் பத்ரசாமி. அவள் அவனிடம் என்னவோ சொன்னாள், அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தள்ளினான். என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஒரு நிமிஷம் தம்பி. இந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாசல் தெரியவில்லை. ஸ்கூட்டர் வந்தால் தெரிய வேண்டும். நான் அந்தப் பக்கம் போய்க்கொள்கிறேன். பெட்டியைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்புங்கள், எண் தலைகீழாகத் தெரிகிறது. அப்படித்தான். ஹெட்டை அசைக்க வேண்டாம், கனம். சரி, இடதுகைப் பக்கமிருந்து அடுத்த வால்வு. ஐந்தாம் ஓட்டைக்குப் போகட்டும்.

எதில் விட்டேன்? ஆமாம், மறுநாள் ரவூப் பாய் வந்தார். ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, வால்வு மூடிய குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார். வால்வு சரியாக உட்கார்ந்திருந்தால் ஊற்றியது ஊற்றியபடி நிற்க வேண்டும். நிற்கவில்லை. எட்டும் ஒழுகியது. பாய் தாடியைத் தடவினார். "சார், தேய்ப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா வால்வெல்லாம் எடம் மாறியிருக்கு."

எடம் மாறியிருக்கு. கேட்டீர்களா? நான் மாட்டியது வரிசையாக. அப்படியென்றால் நான் மாட்டுவதற்கு முன்பே மாறியிருக்க வேண்டும். பெட்டியைத் தொட்டது யார்? பொட்டு வைத்தது யார்? வீட்டில் இருப்பது இரண்டு பேர். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் மூலகாரணம் தேடுவது. ஆள், இயந்திரம், பொருள், முறை என்று நாலு கட்டம் போட்டுப் பார்ப்போம். நான் அங்கேயே பேப்பர் எடுத்து நாலு கட்டமும் போட்டேன். மூன்று கட்டத்தில் குறையில்லை. ஆள் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதி, பாய் முன்னாலேயே காட்டினேன்.

"பூஜை பண்றேன்னு எல்லாத்தையும் எடுத்துக் கலைச்சிட்டே. ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா விட்டுடறேன்."

அவள் அந்தப் பேப்பரைப் படித்தாள். மடித்தாள். "நானொண்ணும் கலைக்கலீங்க"ன்னாள். அவ்வளவுதான். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பாய் பக்கம் திரும்பினாள்.

"பாய், அந்தக் கடைசி வால்வை எடுத்து ஒண்ணாவதுல போட்டுப் பாருங்க. ஒண்ணாவதை எட்டுல. ஏழை ரெண்டுல. எல்லாத்தையும் அப்படியே தலைமாத்திப் போடுங்க."

பாய் போட்டார். மண்ணெண்ணெய் ஊற்றினார். தம்பி, ஒரு சொட்டு ஒழுகவில்லை. எட்டுக் குழியிலும் கண்ணாடி மாதிரி நின்றது. பாய் குனிந்து பார்க்கிறார், நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். "எப்படிம்மா தங்கச்சி?"

"ஹெட்டுக்குத் தண்ணி போற வாய் இருக்குதுங்க, எது முன்னாடின்னு தெரிஞ்சுரும். பெட்டிக்கு ஏதுங்க முன்பக்கம்? அதான் ரெண்டுலயும் ஒரே பக்கமாப் பொட்டு வெச்சிருந்தேன். சாக்பீஸ் எண்ணெயில ஒட்டலீங்க. அவரு தொடச்சுட்டாரு."

பாய் சிரிக்க ஆரம்பித்தார். நின்று சிரித்தார், முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் விரலால் காட்டிக் காட்டிச் சிரித்தார். அவருக்கும் இந்தக் குங்குமம் கிங்குமம் எல்லாம் வேடிக்கையாக இருந்திருக்கும், அவர் மார்க்கத்தில் அதெல்லாம் கிடையாதே.

ஆனால் நான் சிரிக்கவில்லை. நான் யோசித்தேன். எட்டும் தலைமாறி இருக்கிறது என்று, தொட்டுக்கூடப் பார்க்காமல், நின்ற இடத்திலிருந்து ஒருத்தி சொல்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? செய்தவளுக்குத்தானே தெரியும்? கம்பெனியில் இப்படித்தான் கண்டுபிடிப்போம். குறை எங்கே என்று முதலில் கைகாட்டுகிறவனைத்தான் முதலில் விசாரிப்போம். எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன்! அதை அன்றைக்கே சொன்னேன். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், நீங்க பெரிய ஆபீசர்தான் சார்"ன்னார். அவர் ஒருத்தராவது ஒத்துக்கொண்டார்.

ஆறு. ஏழும் வந்துவிடும்.

அதற்கப்புறம்தான் அநியாயம். மறுவாரம் பாய் ஒரு ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், என்னிடம்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்துக் காபி போடச் சொன்னேன். அவர் நேராகத் தையல் மிஷின் பக்கம் போகிறார். "தங்கச்சி, இது அறுபத்து ரெண்டாம் வருஷத்து வண்டி. சீட்டுல இரும்பு கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு. மிஷின்ல விட்டா தின்னுடும். கையில தேச்சாத்தான் உண்டு. நீ தேச்சுக் குடு." அவள் பிளவுஸ் ஊக்கு வைத்துக்கொண்டிருந்தவள், ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து வந்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குச்சியை உருட்ட ஆரம்பித்தாள். ஜன்னல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், வால்வைப் பார்ப்பதே இல்லை, கேட்கிறாள். ஒரு நேரத்தில் கையை நிறுத்திவிட்டு, "ஆச்சுங்க பாய்" என்கிறாள். வால்வு சீட்டில் எங்கே படுகிறது என்று தெரிய நான் நீலச்சாயம் தடவி எடுத்துப் பார்த்தேன், தரக்கட்டுப்பாடு வேண்டாமா? சுற்றிலும் ஒரே அகல வளையம். முடி அளவு விலகல் இல்லை. இன்னொரு முறை பார்த்தேன். முத்திரை கையில் இருந்தால் குத்தியிருப்பேன், வேறு என்ன செய்வது.

அன்று மத்தியானம் அவள் தேய்க்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். காதைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அரிசி சத்தம், மாவு சத்தம் என்கிறாளே. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை தம்பி. ஒரு சத்தமும் இல்லை. அவள் கை மட்டும் போய்ப் போய் வருகிறது. அவள் நிமிர்ந்து, "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்லை"ன்னேன். நடக்கப் போகும்போது கேட்டுக்கொள்கிற கேள்வியை அன்றைக்கு நின்ற இடத்திலேயே கேட்டுக்கொண்டேன். பதில் வருவதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

இப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறார்கள், உடுமலையிலிருந்து வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் 'அக்கா இருக்காங்களா?' நான் கதவைத் திறந்தால் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள். போன மாதம் பத்ரசாமி வந்தான், அவன் மச்சானுடைய ஜீப்பாம். என்னைப் பார்த்து, "சார், நீங்களும் இங்கதான் வேலை பாக்கறீங்களா?" என்கிறான். என் வீடு இது!

அதனால்தான் தம்பி, நீங்கள் வாசலில் 'அக்கா' என்று ஆரம்பித்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஹெட் நான் செய்கிறேன். முழுக்க நான். அவள் வந்து பார்க்கும்போது எட்டு வால்வும் கழற்றி, பெட்டியில் வரிசையாக நிற்க வேண்டும். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை, 'சரிங்க, நீங்களே பாருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயால். இரண்டு வருஷமாக அதற்குத்தான் மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் திரும்பிப் போய் பொள்ளாச்சியில் சொல்ல வேண்டும், சென்னியப்பன் சார் செய்தார் என்று.

இதோ, எட்டு. முடிந்தது. எடுத்துப் பாருங்கள், எவ்வளவு அழகாக நிற்கிறது. பொட்டா? பொட்டு எதற்கு? பெட்டியில் ஒன்றாம் எண் இங்கே இருக்கிறது. ஹெட்டில் தண்ணீர் வாய் அங்கே இருக்கிறது. அப்படியென்றால் ஒன்றாம் வால்வு...

இருங்கள்.

நான் முதலில் நீங்கள் இருக்கிற பக்கம்தானே உட்கார்ந்திருந்தேன்? நாலு வால்வு அந்தப் பக்கமிருந்து எடுத்தேன். பிறகு இந்தப் பக்கம் வந்தேன். பெட்டியைத் திருப்பினோம். ஹெட்டைத் திருப்பவில்லை. ஐந்தாவதை எங்கிருந்து எடுத்தேன்? நடுவிலிருந்தா, இந்தக் கடைசியிலிருந்தா? இடதுகைப் பக்கம் என்றுதானே சொன்னேன். என் இடதுகையா? எப்போதைய இடதுகை?

தம்பி, நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? மைசூர்பாகு தின்றுகொண்டா இருந்தீர்கள்?

அது ஸ்கூட்டர் சத்தமா? எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கிறதா? கேட் சத்தமா? சீக்கிரம், அந்த அலமாரியில், சாமி படத்துக்குக் கீழே ஒரு பித்தளைச் சிமிழ் இருக்கும், எடுங்கள். குங்குமம்தான். சாமிக்கு இல்லை, எனக்குத் தெரியும், சாமிக்கு இல்லை என்று எனக்குத் தெரியும், எடுங்கள். அந்த எண்ணெயில் ஒரு சொட்டு. பெட்டியில் எந்த முனை? இதா, அதா? சொல்ல மாட்டேன் என்கிறீர்களே. சரி, இரண்டு முனையிலும் வைத்துவிடுகிறேன். ஹெட்டிலும் இரண்டு முனையிலும். எது சரியோ அது இருக்கும், மிச்சம் அழகுக்கு.

வா சாந்தா, வா. வெயிலில் வந்திருக்கிறாய், தண்ணீர் குடி முதலில். இவர் பொள்ளாச்சி. பழைய அம்பாசிடர். அவசரக்காரர் போலிருக்கிறது, நீ வருகிறவரைக்கும் பொறுக்க மாட்டேன் என்றார். வால்வெல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது, நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன். பொட்டுகூட வைத்திருக்கிறேன் பார்.

பெட்டியைத் திருப்பியது மட்டும் இவர்.